மலையேறுமுன் வண்டியின் ஒலி கேளீர்

திண்டுக்கல்லை எத்திசையிலிருந்து நெருங்கினாலும் முதலில் கண்ணுக்குத் தோன்றுவது மலைக்கோட்டைப் பாறையே. 1605-ஆம் ஆண்டில் நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் அங்குக் கோட்டை எழுப்பத் தொடங்கினார். தென்கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், இடையே வறண்ட சமவெளி. பூட்டுக்குப் பேர்பெற்ற ஊர்; 2019-இல் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. இரும்போடும் அரத்தோடும் பழகிய ஊராதலால் மோட்டார்ப் பட்டறைகளுக்கும் இங்குக் குறைவில்லை.

கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்குக் காரில் செல்லும் குடும்பத்தினர் பலர் இவ்வூரில் பிரியாணி உண்டு, சற்று இளைப்பாறி, வத்தலக்குண்டுச் சாலையைப் பிடிப்பர். வண்டியின் அடியிலிருந்து புதியதோர் ஒலி எழுமாயின் அதன் காரணத்தை அறியத்தக்க இடம் இச்சமவெளியே. மலைப்பாதையில், முதியோரும் குழந்தைகளும் அமர்ந்திருக்க, வளைவில் ஒரு சக்கரத்தின் பேரிங் நொறுங்கினால் நேரக்கூடியதை நினைக்கவும் அச்சமாயிருக்கிறது.

உறவினர் குடும்பம் ஒன்றோடு சென்ற ஆண்டு அவ்வழியே சென்றேன். வேகம் ஐம்பதைத் தாண்டியதும் வண்டு முரல்வது போன்ற ஓர் ஒலி எழுந்தது. டயர் தேய்ந்துவிட்டது, நான்கையும் மாற்றிவிடலாம் என்றார் காருக்குரியவர். (டயர் விற்பவருக்கு இதைவிட நற்செய்தி வேறில்லை!) நல்லவேளையாக வழியில் ஒரு பட்டறையில் நிறுத்தினோம். முதிய மெக்கானிக் கருவி எதையும் எடுக்கவில்லை. பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார்.

“முதலில் பாட்டை நிறுத்துங்க சார், ஒரே வேகத்தில் ஓட்டுங்க” என்றார்.

நேரான சமதளத்தில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத வேளையில், கியரை நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார். என்ஜினின் ஓசை தணிந்தது, முரல்வு தணியவில்லை. ஆகவே என்ஜினும் கிளட்சும் குற்றமற்றவை. சொரசொரப்பான தாரிலும் வழவழப்பான தாரிலும் ஒலி மாறவில்லை. டயரும் பெரும்பாலும் தப்பியது. பின்னர் மெதுவாக வலப்புறம் வளைந்தபோது முரல்வு மிகுந்தது, இடப்புறம் வளைந்தபோது குறைந்தது. வலப்புறம் திரும்புகையில் வண்டியின் பாரம் இடச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. எனவே கோளாறு இடப்பக்கத்தில்! பட்டறைக்குத் திரும்பி, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தபோது முன் இடச் சக்கரம் மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. அந்த ஒரு பேரிங்கை மாற்றியதோடு செலவு முடிந்தது.

எல்லா ஒலியும் முரல்வாக வருவதில்லை. முன்சக்கரங்களை என்ஜின் இழுக்கும் இன்றைய சிறு கார்களில், ஸ்டியரிங்கை முழுதும் திருப்பிச் செல்லும்போது ‘டக் டக்’ என்று கேட்டால், சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் அச்சின் மூட்டு தேய்ந்துள்ளதெனக் கொள்ளலாம். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் போல, பின்சக்கரத்துக்கு நீண்ட தண்டு வழியே விசை செல்லும் வண்டிகளில், புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும் ‘தட்’டென்று இடிக்கும் ஒலி, அத்தண்டின் மூட்டிலுள்ள கிராஸ் தேய்ந்ததைக் காட்டுவதுண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கையில் ஊளையிட்டு, காலை எடுத்ததும் ஒலி மாறினால் டிஃபரன்ஷியலைச் சந்தேகிக்க வேண்டும். கிளட்சை மிதித்தால் மட்டும் கீச்சிடுவது பெரும்பாலும் கிளட்ச் பேரிங். ஆகவே பட்டறைக்காரரிடம் ‘ஏதோ சத்தம்’ என்று மட்டும் கூறாமல், எந்த வேகத்தில், எத்திருப்பத்தில், எந்தக் காலை மிதிக்கையில் என்று கூறினால் அவர் வேலை பாதியாகும்.

சிறுமலைச் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டுகளின் தேய்வெல்லாம் வெளிப்பட்டுவிடும். அதற்குமுன் ஊரில் ஒரு வெற்று மைதானத்தில் இருபுறமும் முழுவட்டமாக ஓட்டிப் பார்ப்பது நன்று. நியூட்ரல் சோதனை சமதளத்துக்கு மட்டுமே உரியது; அப்போதும் என்ஜினை அணைக்கலாகாது. மலையிறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் என்ஜினின் பிடிப்பு அகன்று, பாரம் முழுதும் பிரேக்கின்மேல் விழும். அது சூடேறிப் பிடிக்காது போகலாம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.