பர்ஸுக்கு ஓய்வு தரும் நாடு!

‘கையிலே காசு, வாயிலே தோசை’ என்பது நம் ஊர்ப் பேச்சு. சீனாவிலோ பழம் வாங்கக்கூட செல்போன்தான் காசு! குவாங்சோவில் நடக்கும் கான்டன் கண்காட்சிக்கு என் கணவர் வியாபார விஷயமாகப் போனபோது, நானும் ஆறு வயது மகனும் கூடப் போனோம்.

பழ வண்டி, டாக்ஸி, ஓட்டல் எங்கே பார்த்தாலும் கட்டம் கட்டமாக அச்சடித்த அட்டை. அதற்கு நேரே போனைக் காட்டினால் பணம் போய்விடும். ‘அலிபே’, ‘வீசாட் பே’ என்று இரண்டு செயலிகள். 2023-இல் விதிகளைத் தளர்த்தியதிலிருந்து, வெளிநாட்டார் தங்கள் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அதில் சேர்ப்பது சுலபமாகிவிட்டது. ஒரு தடவைக்கு 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் கிடையாது. தாண்டினால் 3 சதவீதம். பெரிய பில்லென்றால் யோசித்துக் கொடுங்கள்.

இதையெல்லாம் வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது உத்தமம். பாஸ்போர்ட் விவரம் கேட்பார்கள். வங்கியில் சொல்லி அட்டையில் வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்து வையுங்கள். ரகசிய எண் நம்மூர் நம்பருக்குத்தான் வரும். அந்த சிம் அங்கே உயிரோடு இருக்க வேண்டும்.

இன்னொன்று, சகோதரிகளே! ‘அவர் போனில் இருக்கிறதே, போதும்’ என்று இருந்துவிடாதீர்கள். இவர் கண்காட்சியில் இருந்த ஒரு மாலை, பிள்ளைக்கு உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. மருந்துக் கடைக்கு ஓடினேன். அன்று பார்த்து என் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பணம் போகவில்லை. நூறு யுவான் நோட்டை நீட்டினேன். கல்லாவில் சில்லறை இல்லை. கடைக்காரப் பெண்மணி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தன் கைப்பையைத் திறந்து, மீதியை எண்ணித் தந்தார். பாஷை தெரியாவிட்டால் என்ன, தாய் மனசு ஒன்றுதானே!

ரொக்கத்தைக் கடைக்காரர் மறுக்கக் கூடாது என்று சீன மத்திய வங்கியின் விதியே இருக்கிறது. சில்லறைக்குத்தான் பஞ்சம். ஆகவே வங்கியில் மாற்றும்போதே 10, 20 யுவான் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு வேடிக்கை தெரியுமா? 1980-இல் சீனாவில் வெளிநாட்டாருக்கென்றே தனி நோட்டு அச்சடித்தார்கள். 1994-இல் அதை வெளியிடுவதை நிறுத்தினார்கள். சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன், உலகிலேயே முதலில் காகிதப் பணம் புழங்கியதும் அங்கே சிச்சுவானில்தான். அந்த நாட்டிலேயே இன்று நோட்டைப் பார்ப்பது அபூர்வம்!

உங்கள் பெயரில் ஓர் அட்டை, உங்கள் போனில் ஒரு செயலி, முந்தானையில் முடிந்த மாதிரி கொஞ்சம் சில்லறை. இந்த மூன்றும் இருந்தால் தைரியமாகப் போய் வாருங்கள்.