ஆச்சியின் கண்ணாடி மேசை

பழையன என்று ஒதுக்கப்படும் பொருள்களுட் சில, தம்மை ஒதுக்கியவர்க்கே ஆசிரியராய் அமைதல் உண்டு. எம்மில்லத்துக் கண்ணாடி மேசையொன்று எமக்கு அவ்வாறு அமைந்த வரலாற்றை ஈண்டு நண்பர்க்கு உரைக்க விழைகின்றோம்.

அம்மேசை, எம் தந்தையாரைப் பெற்ற ஆச்சியினுடையது. ஒட்டுப்பலகையாற் செய்து, சன்மைக்கா என மக்கள் வழங்கும் லாமினேட் தகடு மேலே ஒட்டப்பெற்றது. தேக்கின் வரிகளைக் காட்டுமேயன்றித் தேக்கன்று. அதன்முன் அமர்ந்தே ஆச்சி நாடோறும் தலைவாரிக்கொள்வார். அதன் இழுப்பறையிலேயே பெரிய எழுத்து வேதாகமத்தை வைத்திருப்பார். கண்ணொளி மங்கிய பின்னர், "ஓர் அதிகாரம் வாசியேன், ஐயா" என்று மாலைதோறும் எம்மை அழைப்பார். யாமோ, பரீட்சையைக் காரணங்காட்டி, நாளை வாசிப்பதாகச் சொல்லி நழுவுவோம். சென்ற ஆண்டு அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

மழைக்காலத்தில் மேசையின் ஓரங்கள் பெயர்ந்தன. கண்ணாடியிலும் ரசம் போயிற்று. பழைய சாமான் வாங்குவோரிடம் அதனைப் போட்டுவிடலாம் என்றார் தந்தையார். புத்தக அலமாரியாக்கித் தருவோம் என்று யாம் வேண்டிக்கொள்ளவே, இசைந்தார்.

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வீடெல்லாம் வெள்ளையடித்த கையோடு, மேசைக்கும் வெள்ளை எனாமல் பூசினோம். உப்புத்தாளை எடுக்கவுமில்லை, பிரைமரை எண்ணவுமில்லை. பண்டிகையன்று காலை அத்தை சுடச்சுடத் தேநீர்க் குவளையை அதன்மேல் வைத்தார். எடுத்தபொழுது வண்ணமும் தோலுரிந்ததுபோல் உடன்வந்தது. எல்லோரும் நகைத்தனர், தந்தையார் மட்டும் ஒன்றும் கூறவில்லை. வெள்ளையடித்த கல்லறைகளைக் குறித்து நம் ஆண்டவர் மொழிந்தது எம் நெஞ்சில் தைத்தது.

எம் தெருவில் வண்ணம் பூசும் முதியவர் ஒருவரிடம் சென்று காரணம் வினவினோம். "தம்பி, மரம் வண்ணத்தைக் குடிக்கும், இது குடிக்காது. வழுவழுப்பைப் போக்காமல் இதில் ஒன்றும் நிற்காது" என்றார்.

அவர் கூறியது முற்றும் உண்மை. பினால் பிசினில் ஊறிய பழுப்புக் காகிதங்கள் பலவற்றின்மேல், மெலமைன் பிசினில் ஊறிய சித்திரக் காகிதத்தை அடுக்கி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கியதே இத்தகடு. இவ்வகைத் தகட்டை 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓகானர், ஃபேபர் என்னும் இருவர் ஆக்கியது மேசைக்கன்று; மின்கருவிகளில் மைக்காவுக்கு மாற்றாகவே. நீரும் எண்ணெயும் உட்புகாமையே அதன் சிறப்பு. வண்ணத்துக்கு அதுவே தடை.

மே மாத விடுமுறையில் மீண்டும் தொடங்கினோம். கண்ணாடியைக் கழற்றினோம். பல்லாண்டாகப் படிந்திருந்த தலையெண்ணெய்ப் பிசுக்கைச் சவுக்கார நீரால் கழுவினோம். அப்பொழுது எழுந்த மணம் எம்மைச் சற்றே கைநிறுத்தச் செய்தது. பெயர்ந்த ஓரங்களைப் பசையிட்டு ஒட்டி, ஆணித்துளைகளைப் பட்டியால் அடைத்தோம். மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொண்டு, சித்திரக் காகிதம் கிழியாவண்ணம் 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு மாயும்வரை மெல்லத் தேய்த்தோம். துகளை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, வழுவழுப்பான பரப்பைப் பற்றவல்ல பிரைமரை ஒருமுறையும், எனாமலை மெல்லியதாய் இருமுறையும், ஒவ்வொன்றும் நன்கு காய்ந்தபின் பூசினோம். ஒருபுறத்து இழுப்பறைகளை நீக்கிப் பலகை பொருத்தினோம். தொட்டால் ஒட்டாமை வேறு, இறுகுதல் வேறு என்று முதியவர் எச்சரித்திருந்தமையால், இரண்டு வாரம் கழித்தே நூல்களை அடுக்கினோம். பதறாத காரியம் சிதறாது என்பதை அப்பொழுதே உணர்ந்தோம்.

மற்றை இழுப்பறையின் உட்புறத்துக்கு மட்டும் யாம் வண்ணம் பூசவில்லை. அங்கே எண்ணெய்ப் புட்டியின் வட்டக்கறை இன்றும் உளது. அதன் அருகே ஆச்சியின் வேதாகமத்தை வைத்துள்ளோம்.

வேலை முடிந்த அன்று மாலை அதனை எடுத்து ஓர் அதிகாரம் உரக்க வாசித்தோம். கேட்பாரில்லை என்று எண்ணியிருந்தோம். முடித்து நிமிர்ந்தபொழுது, தந்தையார் பின்னே பலகையில் அமர்ந்திருந்தார். "நாளைக்கும் வாசி" என்றார்.

மேசையைப் புதுக்கினோம், கடந்த மாலைகளைப் புதுக்க எவராலும் இயலாது. முதியோரை இல்லத்திற் பெற்றிருக்கும் நண்பர்காள், அவர் அழைக்கும்பொழுதே செல்வீராக.