உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி

பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவனுக்கு, எழுதிய செய்திகளைவிட எழுதாமல் விட்ட வரிகளே முதுமையில் அதிகம் நினைவுக்கு வருகின்றன. அப்படி விடுபட்டுப்போன ஒரு வரியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

கெலிஓயாவில் என் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி நண்பர் ஒருவர் வசித்து வந்தார். கொழும்பில் நாங்கள் இருவரும் ஒரே பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள். நான் ஆசிரிய பீடத்தில். அவர் அச்சுக்கோப்புப் பகுதியில். கணினி வந்து ஈய எழுத்துகள் விடைபெற்றபோது அவரும் விடைபெற்று ஊர் திரும்பினார். ஆயினும் என் பெயரில் எது வெளிவந்தாலும், அதில் ஒரு பிழையாவது கண்டுபிடித்துச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

2007ஆம் ஆண்டு மருத்துவச் செய்தி ஒன்றைத் தமிழில் எழுதினேன். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லீ தலைமையிலான குழுவினர், மெலனோமா எனப்படும் தோற் புற்றுநோய் கண்டவர்களின் குருதியிலிருந்து நோய் எதிர்ப்புக் கலங்களைப் பிரித்தெடுத்தனர். அக்கலங்களில் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்பதை நோயற்றவர்களின் கலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர்.

செய்தி வெளியான அன்று மாலையே நண்பர் வந்துவிட்டார்.

"அண்ணே, உடம்புல எல்லாக் கலத்துலயும் ஒரே மரபணுதான்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் ஒண்ணு இயங்குது, ஒண்ணு இயங்கலைன்னா எப்படி?"

அவருடைய தொழிலையே உதாரணமாகக் காட்டினேன். எழுத்துப் பெட்டியில் எல்லா எழுத்துகளும் இருக்கின்றன. ஆனால் கையில் எடுத்துக் கோத்தவை மட்டுந்தானே தாளில் பதிகின்றன? மரபணுவும் அப்படித்தான். ஈரற் கலம் ஒரு பக்கத்தைக் கோக்கிறது. குருதிக் கலம் வேறொரு பக்கத்தைக் கோக்கிறது. இது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அந்த ஆய்வில் மிகத் தெளிவான வேறுபாடு காட்டிய மரபணுக்கள் 25. அவற்றில் 17, இன்டர்பெரோன் என்ற பொருளின் அழைப்புக்கு எழுந்து இயங்க வேண்டியவை. வைரசு தாக்கும்போது கலங்கள் அடிக்கும் அபாய மணியே இன்டர்பெரோன். 1957ஆம் ஆண்டு லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற இருவர் கண்டறிந்தது. நோயாளிகளின் குருதியில் அந்த 17 மரபணுக்களின் இயக்கமும் குன்றியிருந்தது. காவலர்கள் ஊரில் இருக்கிறார்கள். மணியோசைதான் அவர்கள் காதில் சரியாக ஏறவில்லை. மார்பகப் புற்றுநோய், உணவுக்கால்வாய்ப் புற்றுநோய் ஆகியவை கண்டவர்களிடமும் இதே குறைபாடு உண்டென்று அக்குழுவினர் 2009ஆம் ஆண்டு எழுதினர்.

இவ்வளவும் சரி. ஆனால் என் செய்தியின் கடைசி வரி இதுதான்: "இந்நோய் வெயிலில் காயும் வெள்ளைத் தோலினரிடையே அதிகம் காணப்படுகிறது." அது பொய்யல்ல. அதற்கடுத்து வந்திருக்க வேண்டிய வரியைத்தான் நான் எழுதவில்லை. கறுத்த தோலினருக்கு இந்நோய் அரிது; ஆனால் வந்தால், பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வருகிறது. 1981ஆம் ஆண்டு 36 வயதில் மறைந்த பாடகர் பொப் மார்லிக்கு அது கால்விரல் நகத்தின் கீழ்தான் தொடங்கியது.

2009இல் ஒரு நாள் எங்கள் திண்ணையில் அமர்ந்திருந்தபோது நண்பர் வலது காலைத் தூக்கிக் காட்டினார். குதிகாலுக்கு அருகே கறுப்பாக ஒரு புள்ளி. ஐந்து சதக் குற்றியளவு இருக்கும்.

"ஈயக் கறுப்பு இன்னும் போகலைண்ணே" என்றார். இருவரும் சிரித்தோம்.

அந்நோயைப் பற்றி அரைப் பத்தி எழுதியவன் நான். அது எதிரே வந்து காலை நீட்டியபோது அடையாளம் தெரியவில்லை. வெள்ளைக்காரர் நோய் என்று நானே எழுதியதை நானே நம்பியிருந்தேன்.

சில மாதங்களின் பின் அந்தப் புள்ளி விரிந்து, புண்ணாகிக் கசிந்தது. கண்டியில் ஒரு தோல் வைத்திய நிபுணர் பார்த்த மாத்திரத்திலேயே திசுவை வெட்டிப் பரிசோதிக்கச் சொன்னார். அதற்குள் தொடை இடுக்கின் நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவிவிட்டிருந்தது. 2010 முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அடுத்த ஆண்டே, காவற் கலங்கள் மீதுள்ள தடையை நீக்கும் முதல் மருந்து மெலனோமாவுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அத்தகைய தடைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ ஆகிய இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 90 வயதில், 2015ஆம் ஆண்டு, மெலனோமா மூளைவரை பரவியிருந்தது. அவ்வகை மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் பெற்ற அவர், நூறு வயது கடந்தே மறைந்தார். என் நண்பருக்கு அந்த மருந்து எட்டியிருக்குமா? அதன் விலையை அறிந்த நான் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் ஆரம்பத்திலேயே வெட்டி அகற்றினால் பெரும்பாலும் குணமாகிவிடும் நோய் இது. அதற்குப் பெரிய மருந்து வேண்டியதில்லை. திண்ணையில் இருந்தவனுக்குச் சந்தேகம் வந்திருந்தால் போதும்.

ஆகவே வாசகர்களே, 2007இல் எழுதாமல் விட்ட வரியை இன்று எழுதி முடிக்கிறேன். குளித்துவிட்டுக் கால் துடைக்கும்போது உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வீட்டிலுள்ள முதியவர்களின் கால்களையும் பாருங்கள். எல்லாக் கறுப்பும் புற்றுநோயல்ல. ஆனால் வளரும் புள்ளி, ஓரம் ஒழுங்கற்ற புள்ளி, ஆறாத புண், நகத்தில் அகன்று வரும் கருங்கோடு ஆகியவற்றை மச்சமென்றும் முள் குத்தியதென்றும் தள்ளிவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிழை திருத்த அந்த நண்பர் இல்லை. இருந்திருந்தால், இந்த வரியைத்தான் முதலில் கோத்திருப்பார்.