சிறுவாட்டு மைல்கள்

கடுகு டப்பாவில் சிறுவாடு சேர்க்கும் கலையை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஆகாயத்திலும் ஒரு கடுகு டப்பா உண்டு! விமானத்தில் போகப் போக அதில் மைல் சேர்கிறது. சேர்ந்த மைலைக் கொடுத்தால் டிக்கெட் கிடைக்கிறது. 1981-ஆம் ஆண்டு மே முதல் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை ஆரம்பித்தது. அதைப் பார்த்து மற்றக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக டப்பாவைத் திறந்து வைத்தன.

இந்த டப்பாவின் மகிமையை நான் தெரிந்துகொண்ட இடம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம். சென்னையிலிருந்து சுமார் நாலு மணி நேரப் பிரயாணம். அங்கே மூன்றாவது டெர்மினலுக்குள் வண்ணத்துப் பூச்சிகளுக்கென்றே ஒரு தோட்டம் வைத்திருக்கிறார்கள். விமானம் மாறுவதற்காகக் காத்திருப்பவர்கள் காசு கொடுக்காமல் பார்க்கலாம். தலைக்கு மேல் பூச்சிகள் பறக்க, ஓரமாக ஓர் அருவி கொட்ட, 'இது விமான நிலையமா, குற்றாலமா?' என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

அங்கே பருத்திச் சேலை கட்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மெல்பர்னில் மகளுக்குப் பிரசவமாம்.

"டிக்கெட் செலவு ரொம்ப ஆகியிருக்குமே?" என்றேன்.

"டிக்கெட்டா? எல்லாம் மாப்பிள்ளையின் மைல் அம்மா! வரிப் பணம் மட்டும்தான் கையிலிருந்து கட்டினார்."

மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக அடிக்கடி பறக்கிறவர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டத்துக்குக் கிரிஸ்ஃபிளையர் என்று பெயர். அதில் கணக்கு வைத்திருப்பவர் ஐந்து பேரின் பெயரைப் பதிவு செய்து, தம் மைலில் அவர்களுக்கும் டிக்கெட் எடுக்கலாம். அந்த ஐந்து பேரில் மாமியாரையும் சேர்த்த மாப்பிள்ளை நீடூழி வாழ்க!

அம்மாள் சற்று நேரம் பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"எங்கள் வீட்டுக்காரருக்கும் மைல் இருந்தது. 'இன்னும் கொஞ்சம் சேரட்டும், இரண்டு பேரையும் உயர்ந்த வகுப்பிலேயே அழைத்துப் போகிறேன்' என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தார். போன தை மாதம் எங்கள் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். மைல் அப்படியே இருக்கிறது. உட்கார ஆள்தான் இல்லை."

நேயர்களே, மைல் விஷயத்தில் முதல் பாடமும் கடைசிப் பாடமும் இதுதான். மைல் வட்டி போடாது. கிரிஸ்ஃபிளையரில் சேர்ந்த மைல் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். கம்பெனிகள் அவ்வப்போது மைல் விலையையும் உயர்த்துவதால், இன்று ஒரு டிக்கெட்டுக்குப் போதுமானது நாளைக்குப் போதாமல் போகலாம்.

சேர்ப்பதிலும் சூட்சுமம் உண்டு. 1997-இல் ஐந்து கம்பெனிகள் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியை அமைத்தன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதில் இருக்கிறது. ஏர் இந்தியாவும் 2014-இல் சேர்ந்தது. ஆகவே எதில் பறந்தாலும் ஒரே கணக்கில் மைலைப் போடலாம். நாலு டப்பாவில் துளித்துளியாக இருந்தால் ஒன்றுக்கும் உதவாது. மலிவு டிக்கெட்டுக்கு மைலும் குறைவு என்பதை மறக்க வேண்டாம். கணக்கில் மைல் ஏறும்வரை போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்துங்கள்.

செலவழிக்குமுன் ஒரு சின்னக் கணக்கு. டிக்கெட் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மைலில் எடுத்தால் 20,000 மைலும், வரியாக 6,000 ரூபாயும் கேட்கிறார்கள். மிச்சம் 24,000 ரூபாய். மைலுக்கு ஒரு ரூபாய் இருபது காசு. இப்படி இரண்டு மூன்று தேதிகளுக்குப் போட்டுப் பார்த்தால், எது லாபம் என்று தெரிந்துவிடும். மைல் டிக்கெட்டுக்கு ஒதுக்கும் இடங்கள் கொஞ்சம்தான். பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் பல மாதம் முந்திக்கொள்ள வேண்டும்.

சாங்கியில் இறங்குகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 2019-இல் திறந்த 'ஜூவல்' மாளிகைக்குள் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து ஓர் அருவி விழுகிறது. ஆனால் அது குடிவரவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. நம் நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அங்கே போகப் பொதுவாக விசா வேண்டும். விசா இல்லாவிட்டால் வண்ணத்துப் பூச்சிகளே துணை!

சிறுவாட்டுப் பணத்தை எந்த நாளில் எடுக்க வேண்டும் என்பது நம் பெண்களுக்குத் தெரியும். பிரசவம், வியாதி, பெண்ணின் கல்யாணம் என்று வந்தால் தயங்காமல் டப்பாவைக் கவிழ்ப்பார்கள். அந்தப் புத்தியை இந்த ஆகாயக் கணக்கிலும் காட்டலாமே! இன்று மாலையே பிள்ளையையோ மாப்பிள்ளையையோ கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த மாதம் எத்தனை மைல் காலாவதியாகிறது என்று சமையலறைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, வீட்டுப் பெரியவர்கள் பார்க்க ஆசைப்படும் ஊரின் பெயரையும் எழுதி வையுங்கள்.