யுரேனிய வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள்

தம்பியின் இறுதிக் கிரியைகளுக்கு என்னால் போக முடியவில்லை. விசா கைக்கு வந்தபோது எட்டுச் செலவும் முடிந்து, முப்பத்தொன்றும் முடிந்திருந்தது. ஆகவே கடந்த புரட்டாதியில் யூட்டா மாநிலத்திலுள்ள அவனுடைய மகனின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, அழுவதற்குரிய காலம் கடந்துவிட்டது. வாகனத் தரிப்பிடத்தில் தம்பியின் மோட்டார் சைக்கிள் துணியால் மூடப்பட்டு நின்றது. கனமான வண்டி, ஹொண்டா. வேறெதையும் அவன் வாங்கியிருக்க மாட்டான்.

“அப்பா உங்களை ஏத்திக்கொண்டு தெற்குப் பக்கம் போக வேணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர், பெரியப்பா. நாங்கள் போவமா?” என்று பெறாமகன் கேட்டான். எனக்கு 68 வயது. மறுப்பதற்குரிய காரணங்கள் அனைத்தும் என்னிடம் இருந்தன. ஆனாலும் சம்மதித்தேன்.

யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பின்னர் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த நாட்களில் தம்பியும் நானும் ஒரு பழைய எம்.டி. 90 சைக்கிளைப் பங்கிட்டு ஓடியவர்கள். சிறு குப்பியிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வெண்புகை எழும். செய்தி சேகரிக்க அவன் ஓட்ட, நான் பின்னால் குறிப்புப் புத்தகத்துடன் இருப்பேன். அவன் 1991 இல் வெளியேறினான். என்னையும் அழைத்தான். நான் போகவில்லை. அதைப் பற்றி அதன்பின்னர் நாங்கள் மனம்விட்டுப் பேசியதே இல்லை.

ஹாங்ஸ்வில் என்ற சிற்றூரில் எரிபொருள் நிரப்பி 95ஆம் இலக்க வீதியில் தெற்கே திரும்பினோம். அடுத்த ஊராகிய மெக்சிக்கன் ஹற் 200 கிலோமீற்றருக்கும் அப்பால். இருபுறமும் செம்மணற் பாறைச் சுவர்கள். ஹைற் என்ற இடத்தில் கொலராடோ ஆற்றைப் பாலத்தால் கடக்கிறோம். 1963 இல் நீர் தேக்கத் தொடங்கிய கிளென் கன்யன் அணையின் ஏரி ஒருகாலத்தில் இவ்விடம்வரை எட்டியது. இன்று படகு இறக்கும் கொங்கிறீற் சரிவு வறண்ட மண்ணில் முடிகிறது. தண்ணீரின்றி நிற்கும் படகுத்துறையைப் போன்ற அவலமான காட்சி வேறில்லை.

261ஆம் இலக்க வீதி சீடர் மேசா என்ற மேட்டுநிலத்தின் விளிம்பில் திடீரெனத் தாரை இழந்துவிடுகிறது. அங்கிருந்து மோக்கி டக்வே. பாறைச் சுவரைக் குடைந்த சரளைப் பாதை, 3 மைல் தூரத்தில் 1,000 அடிக்கும் மேல் கீழிறங்குகிறது. ஓரத்தில் பெரும்பாலும் தடுப்பில்லை. கீழே பார்த்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பெறாமகன் எஞ்சினை நிறுத்தினான்.

“நான் இதிலை ஒருநாளும் ஆளை ஏத்திக்கொண்டு இறங்கினதில்லை, பெரியப்பா. திரும்புவமா?”

திரும்பினால் எரிபொருள் போதுமா என்பது சந்தேகம். அதைவிட, தம்பி இங்கே என்ன செய்திருப்பான் என்பது எனக்குத் தெரியும். “முதலாம் கியரிலை விடு. முன் பிறேக்கிலை கைவையாதை. பின் பிறேக்கை மட்டும் மெல்ல மிதி. நான் அசையாமல் இருக்கிறன்” என்றேன். செம்மணி வெளியின் குண்டும் குழியுமான வீதியில் தம்பி எனக்குச் சொன்ன வார்த்தைகள் அவை. மூன்றாவது வளைவில் பின்சில்லு வழுக்கியது. அவன் இடுப்பை இறுகப் பற்றினேன். வண்டி நிமிர்ந்தது. கீழே தார்வீதியைத் தொடும்வரை இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

இந்தப் பாதை உல்லாசப் பயணிகளுக்காக வெட்டப்பட்டதல்ல. 1950களில், ஹப்பி ஜாக் சுரங்கத்தின் யுரேனியத் தாதுவை மெக்சிக்கன் ஹற்றுக்கு அருகில், நவஹோ மக்களின் நிலத்திலிருந்த ஆலைக்கு லொறிகளில் இறக்குவதற்காக வெட்டப்பட்டது. அணுகுண்டு உற்பத்திக்கு அமெரிக்க அரசு தாது வாங்கிக் குவித்த காலம் அது.

சான் யுவான் ஆறு ஒன்றரை மைல் முன்னேறுவதற்காக ஆறு மைல் வளைந்து நெளியும் கூஸ்நெக்ஸ் பள்ளத்தாக்கின் விளிம்பில், நவஹோ பெண்மணி ஒருவர் வெள்ளி நகைகளைப் பரப்பி வைத்திருந்தார். எங்கள் உடையிலிருந்த செம்புழுதியைக் கண்டு, டக்வேயால் வந்தீர்களா என்று கேட்டார். அவருடைய பாட்டனார் யுரேனியச் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கத்துக்குள் ஊறிய தண்ணீரையே குடித்தவர். புழுதி படிந்த உடைகளைப் பாட்டி கையால் தோய்ப்பாராம். அது நஞ்சு என்று ஒருவரும் சொல்லவில்லை. இழப்பீட்டுச் சட்டம் 1990 இல் வந்தபோது பாட்டனார் உயிருடன் இல்லை.

நான் பத்திரிகையாளன் என்றேன். “அப்படியானால் சேர்ச் றொக் பற்றி எழுதியிருப்பீர்கள்” என்றார்.

நான் எழுதவில்லை. 1979 இல் கொழும்பில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் உதவி ஆசிரியனாக இருந்தேன். அவ்வருடம் மார்ச் மாதம் திறீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நேர்ந்தபோது நாட்கணக்காகத் தலைப்புப் போட்டேன். அதே ஆண்டு யூலை 16 இல் நியூ மெக்சிக்கோவின் சேர்ச் றொக்கில் யுரேனிய ஆலையின் கழிவுக் குளம் உடைந்து, 9 கோடி கலனுக்கும் மேற்பட்ட கதிரியக்கக் கழிவுநீர் நவஹோ மேய்ப்பர்களின் ஆற்றில் கலந்தது. வெளியேறிய கதிரியக்கம் திறீ மைல் ஐலண்டைவிட அதிகம். அச்செய்திக்கு ஒரு பந்தி ஒதுக்கியதாகக்கூட எனக்கு நினைவில்லை. பின்னாளில் எங்கள் மண்ணின் சாவுகள் உலகப் பத்திரிகைகளின் உட்பக்க மூலைகளில் இரண்டு வரிகளாக ஒடுங்கியபோது, அந்த ஆசிரியர்களை எவ்வளவு கோபத்துடன் திட்டியிருக்கிறேன்!

அந்தப் பெண்மணிக்கு உண்மையைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, நான் எடுத்த சிறிய காதணியைக் கடதாசியில் சுற்றித் தந்தார். விலையைக் குறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிரவு மெக்சிக்கன் ஹற் விடுதியின் குளியலறையில் காற்சட்டையைத் தோய்த்தேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. வெளியே பெறாமகன் வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

“அப்பா ஏன் அந்தநேரம் உங்களை விட்டிட்டு வந்தவர், பெரியப்பா?” என்று கேட்டான்.

“அவன் விட்டிட்டு வரேல்லை. நான்தான் ஏறேல்லை” என்றேன். பிறகு அவனருகே படிக்கட்டில் அமர்ந்து, அந்த எம்.டி. 90இன் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.