பொன்னி அரிசியின் பூர்வீகம் தேடி...

பினாங்கு என்றால் ஜார்ஜ் டவுன் வீதிகளும் நாசி கண்டாரும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தமிழகத்திலிருந்து கல்விச் சுற்றுலா சென்ற எங்கள் வேளாண் மாணவர் குழு தங்கியது தீவில் அல்ல. பெருநிலப் பகுதியில் இருக்கும் செபராங் ஜெயாவில். மலாய் மொழியில் ‘செபராங்’ என்றால் அக்கரை. 1985-ல் திறக்கப்பட்ட பினாங்கு பாலம் தீவையும் இந்த அக்கரையையும் இணைக்கிறது.

வணிக வளாகங்கள், அடுக்குமாடிகள், நெடுஞ்சாலைகள் என்று ஊர் முழுக்க நகரம். “வயல் எங்கே சார்?” என்றார்கள் மாணவர்கள். வண்டி வடக்கே கெப்பாலா பத்தாஸ் பக்கம் போனதும் பதில் கிடைத்தது. சாலையோரமெல்லாம் நெல். இன்னும் மேலே மூடா ஆற்றைக் கடந்தால் மலேசியாவின் நெற்களஞ்சியமான கெடா மாநிலம்.

இந்த நெல்லுக்கும் நம் வீட்டுச் சோற்றுக்கும் உறவு உண்டு. 1950-களில் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் திட்டப்படி, ஒடிசாவின் கட்டாக் ஆராய்ச்சி நிலையத்தில் பல நாட்டு நெல் ரகங்களை ஒட்டுச் சேர்த்தார்கள். மலாயாவின் மாயாங் எபோஸ் 80, தைவானின் தைச்சுங் 65 ஆகியவற்றின் வாரிசுகள் மலாயாவுக்கு வந்தன. ஜப்பானிய வல்லுநர்களின் துணையுடன் அவற்றிலிருந்து தேர்வான ரகம் 1965-ல் ‘மசூரி’ என்ற பெயரில் வெளியானது. லங்காவித் தீவின் பழங்கதை நாயகியின் பெயர் அது.

அந்த மசூரிதான் தமிழ்நாட்டுக்கு வந்து காவிரியின் பெயரைச் சூடிப் ‘பொன்னி’ ஆனது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியை 1986-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆந்திராவின் பிபிடி 5204-க்கும் மசூரி ஒரு பெற்றோர். வங்கதேசத்தில் அதன் பெயர் ‘பஜாம்’; பாகிஸ்தான், ஜப்பான், மலேசியா என்ற மூன்று பெயர்களின் சுருக்கம். பொன்னிச் சோறு தின்று வளர்ந்த மாணவர்களுக்கு இது புதுச் செய்தி. விதைகளை நாடுகள் தாராளமாகப் பகிர்ந்துகொண்டதால் கிடைத்த பலன் இது.

மலேசியாவிலோ மசூரியின் இடத்தை, மார்டி ஆராய்ச்சி நிறுவனம் 2001-ல் வெளியிட்ட எம்ஆர் 219 போன்ற ரகங்கள் பிடித்துக்கொண்டன. மசூரி உயரமான பயிர். உரம் கூடினால் சாய்ந்துவிடும். பொன்னி போடும் நம் விவசாயிகளுக்கும் இந்தக் கவலை தெரியும்.

நாங்கள் முக்கியமாகக் கற்ற பாடம் வேறு. ஆள் பற்றாக்குறையால் 1980-களிலேயே இங்கே நாற்று நடுவதை விட்டு நேரடி விதைப்புக்கு மாறத் தொடங்கினார்கள். கூடவே ‘பாடி ஆங்கின்’ என்ற களைநெல்லும் பரவியது. காற்று நெல் என்று பொருள். காற்று பட்டாலே மணி உதிர்ந்து, மண்ணில் கிடந்து, அடுத்த போகத்தில் முளைக்கும். பார்வைக்குப் பயிர் போலவே இருப்பதால் களையெடுப்பதும் கடினம். 2010-ல் களைக்கொல்லியைத் தாங்கும் ரகம் வந்தது. ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்த வயல்களில் களைநெல்லும் அதைத் தாங்கப் பழகிக்கொண்டது.

டெல்டாவிலும் நேரடி விதைப்பு கூடி வருகிறது. கூலியும் தண்ணீரும் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் கலப்பில்லாத சான்று விதை, விதைப்புக்கு முன் களைகளை முளைக்கவிட்டு உழுதழித்தல், அறுவடை இயந்திரத்தை வயலுக்கு வயல் சுத்தம் செய்தல் ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே கடைப்பிடிக்க வேண்டும். ஊர் திரும்பியதும் மாணவர்கள் தங்கள் கிராமத்தில் முதலில் சொல்லப்போவது இதைத்தான்.