அம்மாவைக் குருவியாக்கினேன்

வெளிநாட்டுக்கும் நம் ஊருக்கும் இடையில் அடிக்கடி பறந்து, அடுத்தவர் பொருளைத் தன் பொருள்போலக் கொண்டுவந்து சேர்க்கிறவர்களைக் குருவி என்பார்கள். கூலிக்குச் செய்கிற வேலை அது. 2018 மே மாதம் என் அம்மாவை நான் குருவியாக்கினேன். தான் என்ன சுமந்து வருகிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

எங்கள் ஊர் கிள்ளை. சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அப்பா சுரபுன்னைக் காட்டுக்குள் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குப் படகு தள்ளினார். அம்மா மீன்கூடையோடு சிதம்பரம் போய்த் தெருத்தெருவாக விற்றார். 1999-ல் நான் சிங்கப்பூர் வேலைக்குப் போக ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மாவின் 3 பவுன் தாலிச் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. நான் அனுப்பிய பணம் மற்ற கடன்களுக்கே சரியாக இருந்தது, நகை மூழ்கிப்போனது. அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தாலி மஞ்சள் கயிற்றில்தான். 2007-ல் அப்பா போனபோது அந்தக் கயிறும் போனது. பதினோரு வருடம் அந்தக் கழுத்தில் ஒன்றும் இல்லை.

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. தாய்மாமன் நான். 14 பவுன் போடுவதாகச் சொல்லியிருந்தேன். "சிதம்பரம் மேல வீதியில தெரிஞ்ச கடையிலயே எடுத்துக்கலாண்டா தம்பி" என்றார் அக்கா. நான் கேட்கவில்லை. அக்கா, அவர் மகள், அம்மா மூவரையும் ஐந்து நாளைக்குச் சிங்கப்பூர் வரவழைத்தேன்.

தங்கம் அங்கே விலை குறைவு என்று எல்லோரிடமும் சொன்னேன். குறைவுதான். இந்தியாவில் அப்போது தங்கத்துக்கு இறக்குமதி வரி 10 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம். ஆனால் மூன்று பேருக்குப் போகவர டிக்கெட், விசா, அறை வாடகை என்று கூட்டிப்பார்த்தால் அந்த லாபம் போன இடம் தெரியாது. இது அவர்களை வரவழைக்கும் முன்பே எனக்குத் தெரியும். 'எல்லாம் சிங்கப்பூர் நகை, மாமன் கூட்டிக்கொண்டு போய் எடுத்துக்கொடுத்தான்' என்று கல்யாண மண்டபத்தில் நாலு பேர் பேச வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அம்மாவுக்கு அந்த ஐந்து நாளும் திருவிழா. நகைக்கடைகளைவிடத் தேக்கா மார்க்கெட்டில்தான் அதிக நேரம் நின்றார். ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து, எது எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று எனக்குச் சொன்னார். கயிறு கட்டிய நண்டின் விலையை ரூபாயில் கேட்டுவிட்டு, "நம்ம ஆத்து நண்டுக்கு இந்த வெலையா?" என்று வாயில் கைவைத்தார். வீரமாகாளியம்மன் கோயிலில் அக்கா மகள் பெயரில் அர்ச்சனை செய்தார். முஸ்தபா கடையில் தெருவுக்கே கொடுக்கிற அளவுக்குக் கோடாலித் தைலம் வாங்கினார்.

நகை எடுத்தாயிற்று. ஆரம் 6 பவுன், சங்கிலி 4, வளையல்கள் நான்கும் சேர்ந்து 4. சுற்றுலா வந்தவர்கள் திரும்பும்போது அப்போது 7 சதவீதமாக இருந்த சிங்கப்பூர் ஜிஎஸ்டியை விமான நிலையத்தில் திரும்ப வாங்கலாம் என்பதால் பில்லெல்லாம் அக்கா பெயரில் போட்டேன்.

இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்கும் சட்டம் இருந்தது, அது எனக்கு நன்றாகவே தெரியும். அப்போது நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டு பேகேஜ் விதிகளின்படி, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பெண் 40 கிராம் நகையை 1 லட்சம் ரூபாய் மதிப்புக்குள்ளும், ஆண் 20 கிராமை 50,000 ரூபாய்க்குள்ளும் வரியில்லாமல் கொண்டுவர முடிந்தது. ஐந்து நாள் போய்வந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எங்களிடம் இருந்ததோ 112 கிராம். அப்போது பயணிகளின் உடைமைக்கு வரி 38.5 சதவீதம். சுமார் ஒன்றேகால் லட்சம் ரூபாய் கட்டியிருக்க வேண்டும்.

நானும் அவர்களோடு ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை ஆரத்தை அக்காவின் ரவிக்கைக்குள் மறையும்படி போடச் சொன்னேன். வளையல் இரண்டு அக்கா மகளுக்கு. மீதி இரண்டும் சங்கிலியும் அம்மாவுக்கு. வயதானவரை யாரும் நிறுத்திக் கேட்கமாட்டார்கள் என்பது என் கணக்கு. புது நகை கண்ணைப் பறிக்கும். பழசுபோலத் தெரியட்டும் என்று தேங்காயெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்துச் சங்கிலியின் கண்ணிகளுக்குள் தேய்த்தேன். காகிதத்தால் துடைத்தேன். பிறகு அம்மாவின் பின்னால் நின்று மாட்டிவிட்டேன்.

அம்மா அந்த மஞ்சளைப் பார்த்தார். எங்கள் வீட்டில் புது நகை வாங்கினால் மஞ்சள் வைத்துத்தான் போடுவது வழக்கம்.

"மஞ்ச வச்சாடா போட்ட?" என்றார்.

நான் "ஆமாம்மா" என்றேன்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா என்னைப் பார்த்தார், நான் பெட்டியைப் பூட்டக் குனிந்துகொண்டேன். அம்மா குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். முந்தானையை விலக்கிச் சங்கிலியை வெளியே எடுத்துவிட்டார். மறுபடி உள்ளே விட்டார். மறுபடி வெளியே எடுத்தார்.

சாங்கி விமான நிலையத்தில் அக்காவோடு நின்று பில்லை நீட்டி ஜிஎஸ்டி பணத்தைக் கேட்டு வாங்கினேன். அதே பில்லை விமானத்தில் நாலாக மடித்துக் காலுறைக்குள் வைத்தேன். முன் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் சங்கிலி நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். "எம் மவன் வாங்கிக் குடுத்தான். அன்னிக்கு மூழ்கிப்போனது மூணு பவுனு, இது நாலு" என்று அம்மா சொன்னது பின் இருக்கையில் எனக்குக் கேட்டது. அந்த 3 பவுனை அவர் மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அது எப்போதோ மறந்துபோயிருந்தது.

திருச்சியில் இறங்கினோம். வரி கட்டப் பொருள் ஏதும் இல்லாதவர்கள் போகிற பச்சை வழியில் நான்கு பேரும் நடந்தோம். நான் செய்தது கடத்தல்தான். கல்யாண வீடு, சொந்த நகை, 14 பவுன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் எதுவும் அதை வேறு ஒன்றாக மாற்றிவிடாது.

கார் ஊரைத் தாண்டுவதற்குள் சொன்னேன்: "அம்மா, அதெல்லாம் கழட்டிக் குடு. தொலைஞ்சிடப் போவுது."

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. கை கழுத்துக்குப் போனது. கொக்கி அவருக்குத் தட்டுப்படவில்லை. நான்தான் முன் இருக்கையிலிருந்து திரும்பி எட்டிக் கழற்றினேன். வளையல்களை அவரே உருவினார். மீன் அரிந்து அரிந்து கணு பெருத்த கை, ஒரு வளையல் சிக்கிக்கொண்டது, எச்சில் தொட்டு எடுத்தார். பிறகு, "பத்திரமா வையி. புள்ளைக்குப் போடறது" என்றார். சிதம்பரம் வரும்வரை யாரும் பேசவில்லை. அம்மாவின் ரவிக்கைக் கழுத்தோரத்தில் மஞ்சள் கறை ஒட்டியிருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் ஆசைப்பட்டபடியே மண்டபத்தில் பேசினார்கள். அடுத்த நாள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிச்சாவரத்தில் படகில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். சுரபுன்னை வேர்கள் கால் ஊன்றி நிற்கிற வாய்க்காலில், சங்கிலியை வெளியே எடுத்துவிடும்மா என்று புகைப்படக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா இருபது வருடம் படகு தள்ளிய தண்ணீர் அது. கரையில் நின்ற அம்மா, "வெயில்ல நல்லா மின்னுது" என்றார். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த வருடம் விடுமுறையில் வந்தபோது மேல வீதிக் கடையில் 3 பவுனில் ஒரு சங்கிலி வாங்கி, பில்லோடு அம்மா கையில் கொடுத்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன், வாய் வரவில்லை. அம்மா சங்கிலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது யாருக்குடா?" என்று கேட்டார்.

உனக்குத்தான் என்றேன். சரி என்று வாங்கி பீரோவில் வைத்தார். இன்றுவரை ஒருமுறைகூட அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.